பூபதியின் ஆறு திருத்தங்கள்

பூபதிக்குக் கையெழுத்துப் போடுவதென்றால் பயம். கூரியர்க்காரன் நீட்டும் சீட்டில்கூட இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகுதான் பேனாவை வைப்பார். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார்.

கோவில்பட்டியில் டிப்ளமா முடித்த கையோடு ஓசூருக்கு வந்தவர். முதலில் சேர்ந்த கம்பெனியில், இருபத்து மூன்று வயதில், ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார். யாரோ ஓர் எண்ணைத் தப்பாக எழுதியிருந்தார்கள். கீழே இருந்தது அவருடைய கையெழுத்து. மறுநாள் காலை கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டு டப்பாவோடு வெளியே அனுப்பிவிட்டார்கள். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கால் மணி நேரம் அதற்குப் பிறகு அவரை விட்டுப் போகவேயில்லை.

விதி எப்படிப்பட்டது என்றால், அடுத்த கம்பெனியில் அவருக்குக் கிடைத்தது கையெழுத்துப் போடுகிற வேலைதான். சிப்காட் தொழிற்பேட்டையில், லாரிக்கும் பஸ்ஸுக்கும் ஏர் பிரேக்கில் போடும் ரப்பர் டயாபிரம் செய்யும் கம்பெனி. உள்ளே துணி வைத்த ரப்பர் வட்டு அது, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. டிரைவர் பிரேக்கை மிதித்தால் காற்று வந்து அதைத் தள்ளும், அது கம்பியைத் தள்ளும், வண்டி நிற்கும். அது கிழிந்தால் அந்தச் சக்கரம் நிற்காது. எந்த அச்சில், எத்தனை டிகிரியில், எத்தனை நிமிடம் ரப்பரை வேகவைக்க வேண்டும் என்று சொல்லும் தாளுக்குப் பெயர் ஷீட். ஷீட்டுகளைத் தயாரித்து, கையெழுத்துப் போட்டு, ஓசூரைச் சுற்றியிருந்த பதினோரு சிறு யூனிட்டுகளுக்கு அனுப்புவதுதான் பதினைந்து வருடமாகப் பூபதியின் வேலை.

2008ஆம் வருடம், தீபாவளிக்கு முன்பு, அந்த ஷீட்டுகள் எல்லாம் வலைத்தளத்துக்குப் போக வேண்டும் என்று உத்தரவு வந்தது. கம்பெனிக்கு ஏற்கெனவே ஒரு வலைத்தளம் உண்டு. ஊரார் பார்க்கும் பகுதி பத்துப் பக்கம் தேறாது. கடவுச்சொல் போட்டு உள்ளே நுழைந்தால் பன்னிரண்டாயிரம் பக்கங்கள்: படங்கள், பாகங்களின் பட்டியல், பழைய அறிவிப்புகள். எல்லாம் தனித்தனிக் கோப்பு. ஒரு போன் நம்பர் மாறினால் நானூறு கோப்பைத் திறந்து மாற்ற வேண்டும். இனி இதெல்லாம் ஒரே சாஃப்ட்வேரின் கீழ் வர வேண்டும், யூனிட்காரர்கள் அவரவர் இடத்திலிருந்தே தமிழிலும் கன்னடத்திலும் ஷீட்டை எடுத்துக்கொள்ள வேண்டும், அந்த சாஃப்ட்வேர் உள்ளே திறந்து பார்க்கக்கூடிய ஓப்பன் சோர்ஸாக இருக்க வேண்டும் என்று மேலிடம் சொல்லிவிட்டது.

எது என்று தேர்ந்தெடுத்துக் கையெழுத்துப் போட வேண்டியவர் பூபதி.

தர மேலாளர் ராஜப்பனுக்குப் பாலக்கோட்டுப் பக்கம். "என்னப்பா பூபதி, பொண்ணு பார்க்கப் போன மாதிரி மூணு வாரமா காபி குடிச்சுக்கிட்டே இருக்கற! புடிச்சிருக்குதா இல்லையான்னு வெள்ளிக்கிழமை சொல்லிப்புடு" என்றார்.

"சொல்லிருதேன் சார்" என்றார் பூபதி. பதினாறு வருடம் ஓசூரில் இருந்தும் அவர் பேச்சிலிருந்து கோவில்பட்டி போகவில்லை.

கம்ப்யூட்டர் பிரிவில் தஸ்லிம் என்ற பெண் இருந்தாள். கிருஷ்ணகிரியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவள், எம்.சி.ஏ. படித்தவள். ஏழு சாஃப்ட்வேரை எடுத்து அலசியவள் அவள்தான். பிளோன் நல்லதுதான், ஆனால் அதைத் தெரிந்தவர் ஓசூரில் ஒருவர்கூட இல்லை. நாளைக்கு அவள் வேலையை விட்டுப் போனால் யார் பார்ப்பது என்று தள்ளினாள். இன்னும் நான்கைத் தள்ளினாள். கடைசியில் நின்றது இரண்டு: ஜூம்லா, ட்ரூபல். இரண்டையும் இரண்டு பழைய கம்ப்யூட்டரில் ஏற்றி, முந்நூறு பக்கங்களைப் போட்டு, பூபதியிடம் ஒரு நோட்டைக் கொடுத்தாள்.

"அண்ணா, இதுல என்ன திருத்தினாலும் அதே நேரத்துல அதுலயும் திருத்துங்க. அப்பத்தான் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். எது ஈசின்னு நோட்டுல எழுதிடுங்க."

ஜூம்லா பூபதிக்கு ஒரே மத்தியானத்தில் பிடிபட்டது. பார்க்கவும் அழகாக இருந்தது. ட்ரூபலைத் திறந்தால் இருட்டு அறைக்குள் சுவிட்சைத் தேடுவதுபோல இருந்தது. ஆனால் அவர் மனம் ஜூம்லா பக்கம் சாய்ந்ததற்கு அது மட்டும் காரணமில்லை. ஜூம்லாவில் ஒரு பக்கத்தைத் திருத்திச் சேமித்தால் பழையது போய்விடும். எத்தனை முறை திருத்தப்பட்டது என்ற எண்ணிக்கை மட்டும் ஓரத்தில் நிற்கும். ட்ரூபலில் தஸ்லிம் ஒரு சின்னக் கட்டத்துக்குள் டிக் போட்டு வைத்திருந்தாள். அதனால் ஒவ்வொரு திருத்தமும் அப்படியே அடுக்கடுக்காகத் தங்கியது. யார் திருத்தியது, எந்தத் தேதி, எத்தனை மணி, எத்தனை நிமிடம்.

"நீங்க தும்மினாக்கூட எழுதி வெச்சுக்கும் அண்ணா" என்று பெருமையாகக் காட்டினாள்.

பூபதி அந்தத் திரையைப் பார்த்தார். வரிக்கு வரி அவர் பெயர். ஒவ்வொரு வரியும் ஒரு கையெழுத்து. பன்னிரண்டாயிரம் பக்கத்திலும் தன் பெயர் இப்படி நிற்பதை நினைத்துப் பார்த்தார். ஜூம்லா என்று எழுதிவிடலாம் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார். தஸ்லிமிடம் சொல்லவில்லை.

வியாழக்கிழமை காலை, பாகலூர் சாலையில் இருந்த அக்பர் பாஷாவின் யூனிட்டுக்குப் போனார். பதினோரு யூனிட்டில் பாதிப் பேருக்கு ஜூம்லாவையும் பாதிப் பேருக்கு ட்ரூபலையும் போன வெள்ளிக்கிழமை திறந்துவிட்டிருந்தார்கள். பார்த்து, படித்து, கருத்துச் சொன்னால் போதும். அக்பர் பாஷாவுக்கு வந்தது ஜூம்லா.

"சூப்பரா இருக்குது சார்! ஷிஃப்டுக்கு ஷிஃப்டு புது ஷீட்டு எடுத்து ஒட்டிடறோம். எழுத்தும் பெருசா தெரியுது. எங்க மாரிமுத்து கண்ணாடி இல்லாமலே படிக்கறான்" என்றார் அக்பர் பாஷா.

"ஒட்டுதீங்களா?"

"பின்னே?"

பூபதி, ரப்பரை அழுத்தி வேகவைக்கும் மூன்றாம் நம்பர் பிரஸ்ஸுக்கு நடந்தார். மாரிமுத்து அச்சைத் திறந்து, ஆவி பறக்கும் டயாபிரம்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தான். பிரஸ்ஸின் பக்கவாட்டில் ஷீட் ஒட்டியிருந்தது. அச்சு எண் சரி. டிகிரி சரி. நிமிடம்: 10.

பத்து இல்லை. பதினாலு.

பூபதிக்கு அந்த எண்ணைத் தெரியாமல் போகுமா? கம்பெனியிலேயே அதிகம் ஓடும் டயாபிரம் அது; அந்த அச்சு இருப்பது இந்த யூனிட்டில் மட்டும். முந்நூறு பக்கத்தில் முதலாவதாக நின்றதால், பழகிப் பார்ப்பதெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் பழகினார். அவரேதான் மாற்றியிருக்க வேண்டும்.

"பாய், பழைய ஷீட்டு எங்க? நான் கையெழுத்துப் போட்டது?"

அக்பர் பாஷா அவரை விநோதமாகப் பார்த்தார். "கிழிச்சாச்சு. புதுசு வந்தா பழசைக் கிழிச்சுடணும், ஒரு பிரஸ்ஸுல ஒரு ஷீட்டுதான் இருக்கணும்னு நீங்கதானே சார் சொல்லிக் குடுத்தீங்க? ஆடிட்டுல மாட்டிக்குவோம்னு பயங்காட்டினீங்களே!"

அவர்தான் சொல்லிக் கொடுத்தார். தேதி புதிதாக இருப்பதுதான் செல்லும். ஷீட்டைப் பார், யோசிக்காதே. பதினைந்து வருடமாக ஒவ்வொரு யூனிட்டிலும் நின்று அதையே ஓதியிருந்தார். சோதனைக்காக அனுப்பும் காகித ஷீட் என்றால் சிவப்பு மையில் 'மாதிரி' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். வலைப்பக்கத்துக்கு முத்திரை குத்த வேண்டும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவருக்கும்தான்.

"என்னா சார், முகம் இப்படி ஆயிடுச்சு?"

"பாய்... பதினாலு நிமிஷம் வேகணும். பத்துதான் வேகுது."

அக்பர் பாஷா ஒரு டயாபிரமைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தார். கையில் எடுத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. வெளிப்பக்கம் வெந்திருக்கும், உள்ளே துணி ஒட்டும் இடத்தில் குறை இருக்கும். சோதனையிலும் விளிம்பில் பாஸாகிவிடும். வண்டியில் ஏறி ஆறு மாதமோ எட்டு மாதமோ மிதிபட்ட பிறகு, ஏதோ ஒரு இறக்கத்தில்தான் கிழியும்.

"யா அல்லா" என்றார் அக்பர் பாஷா. "லோடு இப்பத்தானே சார் கெளம்புச்சு!"

திங்களும் வியாழனும் பெங்களூரில் பஸ் கட்டும் கஸ்டமருக்கு லோடு போகும். திம்மப்பனின் லாரி பத்தரை மணிக்குக் கிளம்பியிருந்தது. இப்போது மணி பதினொன்று இருபது. போன் போட்டால் அணைத்து வைத்திருக்கிறது என்று வந்தது. மாரிமுத்துவிடம் பிரஸ்ஸை நிறுத்தச் சொல்லிவிட்டு அக்பர் பாஷா பைக்கை எடுத்தார். பூபதி பின்னால் உட்கார்ந்தார். தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டிவிட்டால் லாரி ஒரு மணி நேரத்தில் கஸ்டமர் கோடவுனில் நிற்கும். அங்கே மாலை ஷிஃப்டிலேயே பெட்டியைப் பிரித்துவிடுவார்கள்.

ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் என்றைக்கும்போல வரிசை. வழக்கமாக அந்த வரிசையைத் திட்டாதவர்கள் ஓசூரில் கிடையாது. அன்றைக்கு அதன் வால் தெரிந்ததும் பூபதி கைகூப்பிவிட்டார். லாரி லாரியாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். பச்சை முகப்பு, மஞ்சள் முகப்பு, தக்காளி, இரும்புச் சுருள். முன்னாலிருந்து நான்காவது வண்டி திம்மப்பனுடையது. அவன் படியில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தான்.

"ஏனு சார், லோடைத் திருடிக்கினு ஓடற மாதிரி தொரத்திக்கினு வர்றீங்க?"

"வண்டியைத் திருப்புப்பா."

"திருப்பறதா! ஒரு மணி நேரமா வெயில்ல காஞ்சு இப்பத்தான் நாலாவதா வந்திருக்கேன். உங்க அவசரத்துக்கு லாரி என்ன மொபெட்டா?"

"டேய் திம்மப்பா, உன் போன் எங்கடா?" என்றார் அக்பர் பாஷா.

"சார்ஜ் இல்ல, பொட்டியில போட்டேன்."

பூபதி லாரியின் டயரில் கையை வைத்து நின்றார். "இது வேகாத ரப்பர்ப்பா. பஸ்ஸு நிக்காது" என்றார். திம்மப்பன் அவரையும் டயரையும் பார்த்தான். வெள்ளரிக்காயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான். "ஆகட்டும் சார். திருப்பிடறேன். நீங்க போய்க் கொஞ்சம் தண்ணி குடிங்க" என்றான்.

லாரி திரும்பியது. பூபதிக்கு மூச்சு வந்தது. ஆனால் அது பாதி தூரம்கூட நிலைக்கவில்லை. சிப்காட் முனையில் வண்டியை ஓரம் கட்டிய அக்பர் பாஷா, திரும்பாமலே கேட்டார்.

"சார், திங்கக்கிழமை லோடு?"

பூபதிக்குக் கேள்வி புரிந்தது. யூனிட் இந்த ஷீட்டை வெள்ளிக்கிழமையிலிருந்து எடுத்து ஒட்டுகிறது. பத்து என்ற எண் வெள்ளிக்கிழமையே ஏறியிருந்தால், திங்கட்கிழமை போன எண்ணூறு டயாபிரமும் அரைவேக்காடு. அவை இந்நேரம் பஸ்களில் ஏறியிருக்கும்.

"கெளம்பும்போதே மாரிமுத்துவைக் கேட்டேன், ஷீட்டுல என்ன இருக்கோ அதைத்தான் வெச்சேன்ங்கறான். முந்தின ஷிஃப்டு ஷீட்டெல்லாம் கிழிச்சாச்சு. எப்ப மாத்துனீங்க சார்? ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லை. நோட்டிலும் எது ஈசி என்றுதான் எழுதியிருந்தார், எந்த எண் என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை ஏதோ மாற்றினார். சனிக்கிழமை ஏதோ. திங்கட்கிழமையும். செவ்வாய்க்கிழமை ராஜப்பன் வந்து, "எதையாச்சும் மாத்திக் காட்டு பார்க்கலாம்" என்றபோது ஏதோ ஓர் எண்ணை மாற்றிக் காட்டினார். அந்த நேரம் பார்த்து மனைவி பொற்கொடி போன் பண்ணினாள். அண்ணன் மகள் வளைகாப்புக்குச் சேலம் கிளம்புகிறேன், இட்லி மாவு பிரிட்ஜில் இருக்கிறது, மறக்காமல் எடுத்து வையுங்கள் என்று. மாவு ஞாபகம் இருக்கிறது. எண் ஞாபகம் இல்லை.

சேலம் பஸ் தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் போக வேண்டும். பொற்கொடி போன பஸ் பழையதுதான், அதில் இந்த டயாபிரம் இல்லை என்று புத்திக்குத் தெரியும். ஆனாலும் கண்ணை மூடினால் கணவாயின் வளைவில் ஒரு பஸ் இறங்கிக்கொண்டேயிருந்தது. டிரைவர் மிதிக்கிறார். மிதிக்கிறார்.

கம்ப்யூட்டர் அறையில் யாரும் இல்லை; சாப்பாட்டு மணி அடித்திருந்தது. பூபதி கதவைச் சாத்திக்கொண்டு முதலில் ஜூம்லாவைத் திறந்தார். அந்தப் பக்கம். நிமிடம்: 10. ஓரத்தில், திருத்தப்பட்டது: ஆறு முறை. அவ்வளவுதான். ஆறில் எது அந்த ஒன்று என்று அது சொல்லவில்லை. கடைசியாகச் சேமித்த நேரத்தைச் சொன்னது. ஆனால் அதற்கு முன்பே பத்து இருந்ததா, இல்லையா?

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ட்ரூபலைத் திறந்தார். அங்கே அதே பக்கத்தில் 14 என்று இருந்தது. திருத்தங்களின் பட்டியலை எடுத்தார். பூபதி, பூபதி, பூபதி. ஒன்றில் செய்ததை மற்றதிலும் செய் என்று தஸ்லிம் சொன்னபடி, ஒவ்வொன்றும் தேதியோடும் மணியோடும் இருந்தது. முதலாவதைத் திறக்கக் கை வரவில்லை.

வெள்ளி, காலை 11.05. திறந்தார். தலைப்பு மாறியிருந்தது. நிமிடம்: 14.

வெள்ளி, மாலை 3.40. படம் மாறியிருந்தது. 14.

சனி. கன்னடக் குறிப்பு சேர்ந்திருந்தது. 14.

திங்கள், காலை 9.20. இதுதான், இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தார். பக்கம் திறக்கப் பழைய கம்ப்யூட்டர் ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. 14.

திங்கள் மாலை. 14.

செவ்வாய், மாலை 4.12. பூபதி. 10.

அதற்கு மேலே இன்னொரு வரி: செவ்வாய், 4.14, பழையது மீட்கப்பட்டது. ட்ரூபலில் ஒரே அழுத்தில் பழைய 14ஐத் திருப்பிவிட்டிருக்கிறார். ஜூம்லாவில் கையால் தட்டித்தான் மாற்ற வேண்டும். தட்டுவதற்குள் பொற்கொடியின் போன்.

அப்படியானால் திங்கட்கிழமை லோடு சுத்தம். எண்ணூறும் பதினாலு நிமிடம் வெந்தவை. பூபதி நாற்காலியில் சாய்ந்தார். கண்ணில் நீர் முட்டியது.

அப்போதுதான் அந்த வரியின் கடைசியில் இருந்த சொல்லைப் பார்த்தார். டிலீட்.

சோதனைக்காலம் என்பதால் தஸ்லிம் அவருக்கு எல்லா அதிகாரமும் கொடுத்திருந்தாள். ஒரு அழுத்து. செவ்வாய் 4.12 போய்விடும். இன்னொரு அழுத்தில் மீட்டதும் போய்விடும். பிறகு பத்து என்று மாற்றியது யார்? ஜூம்லா சொல்லாது. ராஜப்பன் ஆயிரம் வேலைக்காரர். அன்றைக்கு எந்த எண்ணை மாற்றிக் காட்டினார்கள் என்று அவருக்கா நினைவிருக்கப்போகிறது? ஜூம்லாவிலும் 14 என்று தட்டி வைத்துவிட்டால், யூனிட்டிலேயே யாரோ ஷீட்டில் கைவைத்துவிட்டார்கள் என்று போய்விடும். அக்பர் பாஷா மேல் போகும். அக்பர் பாஷாவுக்கு இன்னும் பத்துக் கம்பெனி இருக்கிறது. பூபதிக்கு இது ஒன்றுதான். வயது முப்பத்தொன்பது. கேட்டில் அட்டையை வாங்குகிற கையை அவர் பார்த்திருக்கிறார்.

அம்புக்குறியை அந்தச் சொல்லின் மேல் கொண்டுபோனார். அது கையாக மாறியது.

ஆனால் இந்த வரி போனால் திங்கட்கிழமை லோடு சுத்தம் என்று யார் சொல்வார்கள்? எதைக் காட்டிச் சொல்வார்கள்? சந்தேகம் வந்தால், ஒன்று எண்ணூறையும் திருப்பிக் கேட்க வேண்டும். கஸ்டமரே கைவிட்டுப் போய்விடுவான். இல்லையென்றால் வாயை மூடிக்கொண்டு, ஆறு மாதம், எட்டு மாதம், யாருக்கும் தெரியாமல் காத்திருக்க வேண்டும். அதோடு, இன்றைக்குத் திரும்பிய லாரியில் செவ்வாய்க்கு முந்தியது எது, பிந்தியது எது என்றும் தெரியாது. அவரைக் காட்டிக்கொடுக்கிற வரியும் அந்த எண்ணூறைக் காப்பாற்றுகிற வரியும் ஒரே வரி.

கதவு திறந்தது. தஸ்லிம், கையில் டிபன் பாக்ஸோடு.

"என்னண்ணா, கதவைச் சாத்திக்கிட்டு? சாப்பிடலையா?"

பூபதி மவுஸிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். "ராஜப்பன் சாரைக் கூட்டிட்டு வாம்மா" என்றார். "உடனே."

ராஜப்பன் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார். திரையை ஒருமுறை மேலிருந்து கீழே படித்தார். அவர் முகத்தில் இருந்த கேலியெல்லாம் வடிந்துபோயிருந்தது.

"இது ட்ரூபல்ல இருக்கறது. அவங்க எடுத்தது ஜூம்லாவுல இருந்து. ரெண்டும் ஒண்ணுன்னு எப்படிச் சொல்ற?"

"நோட்டுல எழுதியிருக்கேன் சார், ரெண்டுலயும் ஒரே நேரத்துல செஞ்சதுன்னு. அங்கயும் ஆறு திருத்தம். இங்கயும், மீட்டதை விட்டா, ஆறு. எண்ணைத் தொட்டது ஒண்ணுல மட்டுந்தான். அங்க கடைசியா சேமிச்ச நேரமும் செவ்வாய் நாலு பன்னெண்டுதான்."

"அப்ப திங்கக்கிழமை லோடு நல்ல லோடுன்னு இதை வெச்சுச் சொல்லலாமா?"

"சொல்லலாம் சார்."

"நீ கையெழுத்துப் போடுவியா?"

பூபதி மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். "போடுதேன் சார்" என்றார்.

தஸ்லிம் அந்தப் பட்டியலை அச்செடுத்துக் கொடுத்தாள். செவ்வாய் 4.12 என்ற வரிக்குப் பக்கத்தில் பூபதி தன் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோணிப்போனது.

ராஜப்பன் தாளை மடித்துப் பையில் வைத்தார். "மெமோ வரும். விசாரணை வெப்பாங்க. என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுப்பா" என்றார். வாசல்வரை போய்த் திரும்பி, "மாத்திக் காட்டுன்னு சொன்னது நானுதான். அதையும் எழுதிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மெமோ காலையிலேயே வந்துவிட்டது. விசாரணை பத்து நாள் கழித்து. அதுவரை வேலையைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பூபதி தன் மேஜையில் உட்கார்ந்து, எந்த சாஃப்ட்வேர் என்ற கேள்விக்கு நேரே ட்ரூபல் என்று எழுதினார். காரணம் என்ற இடத்தில், பழைய எண் அழிவதில்லை என்று எழுதினார். சோதனைப் பக்கங்களில் 'மாதிரி' என்ற சிவப்புப் பட்டை வர வேண்டும் என்று இன்னொரு வரி சேர்த்தார். இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பிறகு அதை எடுத்துக்கொண்டு தஸ்லிமிடம் போனார்.

அவள் படித்துவிட்டு மகிழ்ந்துபோனாள். "என்னண்ணா, ஜூம்லான்னுதான் எழுதுவீங்கன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன்" என்றார். "ஏம்மா, அந்தப் பட்டியல்ல கடைசில டிலீட்டுன்னு ஒண்ணு வருதே. அது யார் யாருக்கு வரும்?"

"அதிகாரம் குடுத்தவங்களுக்கு மட்டும். இப்ப உங்களுக்கு, எனக்கு."

"எனக்கு எடுத்துரு."

"எதுக்குண்ணா? நீங்கதானே இதுக்கு அட்மின்?"

"எடுத்துரும்மா."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். நேற்று கதவு சாத்தியிருந்தது அவளுக்கு நினைவு வந்ததோ என்னவோ, மேலே எதுவும் கேட்கவில்லை. அதிகாரப் பட்டியலைத் திறந்தாள். வரிசை வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். பூபதி குனிந்து தேடிக் கண்டுபிடித்து விரலால் தொட்டுக் காட்டினார். தஸ்லிம் அந்தக் கட்டத்திலிருந்த டிக்கை எடுத்துவிட்டுச் சேமித்தாள்.

"போயிருச்சா?"

"போயிடுச்சுண்ணா."

"ஒருக்க திறந்து காட்டு."

அவள் அந்த டயாபிரம் பக்கத்தை அவர் பெயரில் திறந்து காட்டினாள். ஆறு திருத்தங்களும் ஒரு மீட்பும் இருந்தன. செவ்வாய் 4.12 இருந்தது. வரியின் கடைசியில் எதுவும் இல்லை.